போட்டுக்கு கரன்ட் மோட்டார்: பரங்கிப்பேட்டை கேட்ட கேள்வி, வைக்கம் சொன்ன பதில்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் வெட்டி, சில வாக்கியங்களைச் சரிசெய்திருக்கிறோம்.)

இன்னிக்கு எபிசோட் ஒரு மன்னிப்புல ஆரம்பிக்குது. நான் கேட்க வேண்டிய மன்னிப்பு. யாருகிட்ட, எதுக்குன்னு சொல்றேன்.

என் ஊர் திட்டக்குடின்னு ரெகுலரா கேக்குறவங்களுக்குத் தெரியும். கடலூர் மாவட்டம், விருத்தாசலம் பக்கம். விருத்தாசலம்னா பீங்கான், செராமிக். எங்க ஊருன்னா வெள்ளாறு. வருஷத்துல பாதி நாள் மணல்தான் தெரியும், அதுல கிரிக்கெட் ஆடித்தான் நான் வளர்ந்தேன். அதே வெள்ளாறு பெண்ணாடம், சேத்தியாத்தோப்புன்னு இறங்கிப் போய் பரங்கிப்பேட்டையில கடல்ல கலக்குது. அங்க பாத்தா இது நம்ம ஆறுதானான்னு சந்தேகம் வரும். அகலமா, உப்புத் தண்ணியா, கரை முழுக்க ஃபைபர் போட்டுகளா நிக்கும்.

காலேஜ்ல என்கூட மெக்கானிக்கல் படிச்ச ஒருத்தன் அந்த ஊர்க்காரன். அவன் அப்பா தொழிலுக்குப் போறவர். மீன்பிடிக்கப் போறதை அவங்க 'தொழிலுக்குப் போறது'ன்னுதான் சொல்வாங்க. நான் அவரை மாமான்னு கூப்பிடுவேன். போன வருஷம் பொங்கலுக்கு அவங்க வீட்டுக்குப் போயிருந்தப்ப, சாப்பிட்டு முடிச்சு உக்காந்திருக்கேன், மாமா கேட்டார்: "தம்பி, ஊரெல்லாம் கரன்ட் வண்டி ஓடுது. என் போட்டுல இருக்குற டீசல் இன்ஜினைத் தூக்கிட்டு கரன்ட் மோட்டார் வெச்சா ஓடுமா?"

நான் என்ன பண்ணேன்? லேப்டாப்பைத் திறந்தேன். பத்தே நிமிஷத்துல ஒரு ஸ்ப்ரெட்ஷீட். "சூப்பரா ஓடும் மாமா, ரெண்டே வருஷத்துல போட்ட காசு வந்துடும்"னு சொல்லிட்டேன்.

ரெண்டு வாரம் கழிச்சு ஃப்ரெண்ட் போன் பண்றான். "மச்சி, அம்மா நகையை பேங்க்ல வெச்சு லோன் எடுக்கலாம்னு அப்பா முடிவு பண்ணிட்டார். நீ சொன்ன அந்தக் கணக்கை அனுப்பேன்."

அப்பதான் எனக்கு வயித்தைக் கலக்குச்சு. ஒரு குடும்பத்தோட நகை என் பத்து நிமிஷக் கணக்கை நம்பி அடமானத்துக்குப் போகப் போகுது. ஒரு மாசம் டைம் குடுடான்னு கேட்டு வாங்கி, அந்தக் கணக்கை முதல்லேர்ந்து போட்டேன். அதுதான் இன்னிக்கு எபிசோட்.

ஸ்கூட்டர் மூளை

முதல் கணக்குல எது சரின்னு பாத்துடலாம். எரிபொருள் செலவு ஓரளவு சரி. ஒரு லிட்டர் டீசல்ல சுமார் 10 யூனிட் ஆற்றல் இருக்கு. நம்ம வீட்டு மீட்டர்ல ஓடுமே, அதே யூனிட்தான், அதாவது ஒரு கிலோவாட் ஒரு மணி நேரம். ஆனா சின்ன டீசல் இன்ஜின் அதுல கால்வாசியைத்தான் ஷாஃப்ட்டுக்குத் தரும், ஏறக்குறைய 2.5 யூனிட். மிச்சமெல்லாம் சூடாவும் புகையாவும் சத்தமாவும் போயிடும்.

மின்மோட்டார்ல இந்த வீணடிப்பு கம்மி. கன்ட்ரோலரையும் சேர்த்து 85 சதவீதம் வரைக்கும் ஷாஃப்ட்டுக்கு வந்துடும். அதே 2.5 யூனிட் வேலைக்கு பேட்டரியிலிருந்து 3 யூனிட் எடுத்தா போதும். சார்ஜர்ல போற இழப்பையும் சேர்த்தா சுவர்லேர்ந்து 3.3 யூனிட். யூனிட் 8 ரூபாய்னு வெச்சுக்கிட்டா 27 ரூபாய்க்குள்ள முடிஞ்சிடும். பங்க்ல ஒரு லிட்டர் டீசல் 90 ரூபாய்க்கு மேல. இதைப் பாத்துதான் நான் துள்ளிக் குதிச்சேன்.

இதுலயே ஒரு ஓட்டை இருந்துச்சு. தமிழ்நாட்டுல மீன்பிடி படகுகளுக்கு ஒரு அளவு வரைக்கும் விற்பனை வரி இல்லாத டீசல் கிடைக்கும். அதனால மாமா குடுக்குற விலை பங்க் போர்டுல இருக்குற விலை கிடையாது. அதை நான் கேக்கவே இல்லை.

பெரிய தப்பு பேட்டரி அளவுல. நான் மனசுல வெச்சிருந்தது என் மின் ஸ்கூட்டர். அது ஒரு யூனிட்டுக்கு 30 கிலோமீட்டருக்கு மேல ஓடும். போட்டு கொஞ்சம் பெருசு, பத்து மடங்கு எடுக்கும்னு ஒரு குத்துமதிப்பு வெச்சேன். அந்தப் 'பத்து மடங்கு' எங்கேர்ந்து வந்துச்சுன்னு கேட்டா பதில் இல்லை.

ஸ்கூட்டருக்கும் போட்டுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். ஜிஎஸ்டி ரோட்ல ஆக்ஸிலரேட்டரை விட்டாலும் ஸ்கூட்டர் உருண்டு போகும். இறக்கத்துல சும்மாவே போகும். பிரேக் பிடிச்சா கொஞ்சம் கரன்ட் பேட்டரிக்குத் திரும்பி வரும். போட்டுக்கு இந்த மூணும் கிடையாது. மோட்டாரை நிறுத்தினா தண்ணி பிடிச்சு நிறுத்திடும். கிளம்புனதுலேர்ந்து கரை சேர்ற வரைக்கும் ஒவ்வொரு நொடியும் தள்ளிட்டே இருக்கணும். மேடேறுற ஸ்கூட்டர் மாதிரி நினைச்சுக்கோங்க. அந்த மேடு முடியவே முடியாது.

வேகத்தை ரெட்டிப்பாக்கினா எட்டு மடங்கு

இந்த எபிசோட்ல ஒரே ஒரு விஷயத்தைத்தான் ஞாபகம் வெச்சுப்பீங்கன்னா, அது இதுவா இருக்கட்டும்.

தண்ணி குடுக்குற எதிர்ப்பு, தோராயமா வேகத்தோட ஸ்கொயர் கணக்குல ஏறும். வேகம் ரெண்டு மடங்குன்னா எதிர்ப்பு நாலு மடங்கு. பவர்ங்கிறது எதிர்ப்பையும் வேகத்தையும் பெருக்கினது. அதனால பவர் எட்டு மடங்கு. 3 நாட் வேகத்துல 1 கிலோவாட் கேக்குற போட்டு, 6 நாட்டுக்கு 8 கிலோவாட் கேக்கும். ஒரு நாட்ங்கிறது மணிக்கு 1.85 கிலோமீட்டர்.

இதுக்கு மேல இன்னொரு சுவர் இருக்கு. சாதாரண போட்டு போகும்போது முன்னாடி ஒரு அலையும் பின்னாடி ஒரு அலையும் எழுப்பும். வேகம் கூடக்கூட அந்த அலையோட நீளமும் கூடும். ஒரு கட்டத்துல அலையோட நீளமும் போட்டோட நீளமும் ஒண்ணாயிடும். அதுக்கு மேல போகணும்னா போட்டு தன் அலை மேலயே ஏறணும். அந்த எல்லையைக் கண்டுபிடிக்க ஒரு பழைய சூத்திரம் இருக்கு: தண்ணியில படுற நீளத்தை அடியில எடுத்து, அதோட வர்க்கமூலத்தை 1.34 ஆல பெருக்கணும். 25 அடின்னா வர்க்கமூலம் 5, எல்லை 6.7 நாட். அதாவது மணிக்கு 12 கிலோமீட்டர் சொச்சம். அதுக்கப்புறம் ஒவ்வொரு நாட்டுக்கும் பவரை வாரிக் கொட்டணும்.

டீசல்ல இதை யாரும் கவனிக்க மாட்டாங்க. டேங்க்ல அவ்வளவு ஆற்றல் இருக்கு. த்ராட்டிலைத் தள்ளினா போகுது, செலவு மாசக் கடைசியிலதான் தெரியும். பேட்டரியில நிமிஷத்துக்கு நிமிஷம் தெரியும்.

இதையே திருப்பிப் பாருங்க. வேகத்தைப் பாதியாக்கினா பவர் எட்டுல ஒண்ணு. போய்ச்சேர ரெண்டு மடங்கு நேரம் ஆகும். அப்படியும் அதே தூரத்துக்கு மொத்த ஆற்றல் கால்வாசிதான். அப்போ கொஞ்சம் மெதுவா போக மனசிருந்தா பேட்டரி பாதியா, கால்வாசியா சுருங்கும். மின்படகுல ஜெயிச்சவங்க எல்லாரும் ஜெயிச்ச இடம் இதுதான். அதைப் பாக்கத்தான் நான் கேரளா போனேன்.

வைக்கத்துல ஒரு படகு

வைக்கம்னா நமக்கு முதல்ல பெரியார் ஞாபகம் வருவார், 1924 சத்தியாகிரகம். அதே வைக்கத்துல, வேம்பநாட்டுக் காயலைத் தாண்டி தவணக்கடவுக்கு ஒரு ஃபெரி ஓடுது. பேர் ஆதித்யா. 2017 ஜனவரியில ஆரம்பிச்சது, இந்தியாவின் முதல் சோலார் ஃபெரி. கேரள மாநில நீர்ப் போக்குவரத்துத் துறைக்காக கொச்சியைச் சேர்ந்த நவால்ட் நிறுவனம் கட்டினது.

எர்ணாகுளம் போய், அங்கேர்ந்து பஸ் பிடிச்சு வைக்கம் ஜெட்டிக்குப் போனேன். டிக்கெட் வாங்கி ஏறி உக்காந்தேன். படகு கிளம்புனதே எனக்குத் தெரியலை. பக்கத்துல ஒரு பாட்டி போன்ல பேசிட்டிருந்தாங்க, குரலை உசத்தாம. டீசல் படகுல அப்படிப் பேச முடியாது. புகை வாடை கிடையாது, தரையில அதிர்வு கிடையாது. ஸ்கூல் பசங்க, மீன்கூடையோட ரெண்டு பேர், சைக்கிளோட ஒருத்தர். யாரும் இதை ஒரு அதிசயமா பாக்கலை. அவங்களுக்கு அது தினமும் ஏறுற படகு, அவ்வளவுதான்.

இப்ப நம்பர்ஸ். 75 பேர் உக்காரலாம். கூரை மேல 20 கிலோவாட் சோலார் பேனல். 20 கிலோவாட் மோட்டார் ரெண்டு. பேட்டரி 50 யூனிட். ரெண்டரை, மூணு கிலோமீட்டர் தூரம்தான், கால் மணி நேரம் சொச்சம். நம்ம ஊர் வெயில்ல ஒரு கிலோவாட் பேனல் ஒரு நாளைக்கு சுமாரா 4 யூனிட் தரும். அப்போ கூரையிலிருந்து மட்டும் 80 யூனிட் வரலாம். மிச்சத்தை ராத்திரி ஜெட்டியில பிளக் சொருகி நிரப்பிக்கலாம்.

75 பேரைச் சுமக்குற படகுக்கு 50 யூனிட் பேட்டரி எப்படிப் போதுது? நான் ஓட்டைக் கணக்குல விட்ட பதில் இங்கதான் இருந்துச்சு. பழைய மரப் படகுலயோ இரும்புப் படகுலயோ இன்ஜினைக் கழட்டிட்டு மோட்டார் சொருகலை அவங்க. படகையே புதுசா வரைஞ்சாங்க. 20 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், எடை கம்மியான ஃபைபர். அடியில ஒரே அகலமான உடம்புக்குப் பதிலா ஒல்லியான ரெண்டு உடம்பு. ஒல்லியா நீளமா இருந்தா தண்ணியைக் குறைவாத்தான் கிழிக்கும், சின்ன அலைதான் எழும். ரெண்டுக்கும் நடுவுல மேடை போட்டதால அகலம் கிடைக்குது, பேனலுக்குக் கூரையும் கிடைக்குது, ஆட்டமும் கம்மி. இப்படிப்பட்ட படகுக்கு உலகம் பூரா கட்டமரான்னு பேர். அந்த வார்த்தை நம்ம கட்டுமரத்துலேர்ந்துதான் போச்சு.

வேகமும் 6 நாட் பக்கம்தான், மணிக்குப் பதினோரு கிலோமீட்டர். மூணு கிலோமீட்டருக்கு அதுக்கு மேல வேகம் இருந்து என்ன பண்ணப் போறோம், ரெண்டு நிமிஷம் மிச்சமாகும்.

அங்க கூடி வந்த விஷயங்களை எழுதிப் பாத்தேன். தூரம் கம்மி. தினமும் அதே ரூட். காயல் தண்ணி, பெரிய அலை இல்லை. மெதுவா போனா யாரும் கோவிச்சுக்க மாட்டாங்க. ஒவ்வொரு நடைக்கும் கரைக்குத் திரும்பி வருது. ராத்திரி முழுக்க கரையிலயே நிக்குது.

2023 ஏப்ரல்ல ஆரம்பிச்ச கொச்சி வாட்டர் மெட்ரோவும் இதே மாதிரிதான். நூறு பேர் போற, ரெட்டை உடம்புப் படகுகள், கொச்சின் ஷிப்யார்டு கட்டினது. ஜெட்டியில ஆள் ஏறி இறங்குற நேரத்துலயே சார்ஜ் ஏத்திக்கிற வகை பேட்டரி.

நார்வேயில 2015ல ஆம்பியர்னு ஒரு கார் ஃபெரி வந்துச்சு, 120 காரைச் சுமக்கும். ஆறு கிலோமீட்டருக்கும் குறைவான ஒரு ஃபியோர்டைத்தான் கடக்குது. கரையில இருந்தது சின்ன ஊர்கள், பத்து நிமிஷத்துல அவ்வளவு கரன்ட் இழுத்தா ஊர் லைன் தாங்காது. அதனால ரெண்டு கரையிலும் தனியா பேட்டரி வெச்சு, மெதுவா நிரப்பி வெச்சுக்கிட்டு, ஃபெரி வந்ததும் அதுலேர்ந்து ஊத்துறாங்க. நம்ம ஊர் லோ வோல்டேஜ் பிரச்சினைக்கும் இந்த யோசனை உதவும்.

இதுல புதுசு மோட்டார் கிடையாதுன்னும் சொல்லிடுறேன். 1838லயே யகோபிங்கிற இன்ஜினியர் ரஷ்யாவில் நேவா ஆத்துல பேட்டரிப் படகு ஓட்டிட்டார். 1881ல குஸ்தாவ் த்ரூவே பாரிஸ்ல சேன் ஆத்துல ஓட்டினார். அந்த த்ரூவே பேர்ல மின்படகுகளுக்கு ஒரு சர்வதேச விருது இருக்கு. 2020ல ஃபெரி பிரிவுல அதை வாங்கினது வைக்கத்து ஆதித்யாதான்.

பதினெட்டு லிட்டர்

இப்ப பரங்கிப்பேட்டைக்குத் திரும்புவோம். இந்தத் தடவை லேப்டாப்பை மூடி வெச்சுட்டு ஒரு நோட்டும் அளவு கேனும் எடுத்துக்கிட்டேன். இன்ஜின் எத்தனை மணிக்கு ஸ்டார்ட் ஆச்சு, எப்ப ஆஃப் ஆச்சு, எத்தனை லிட்டர் ஊத்துனாங்கன்னு பத்து நாள் எழுதி வைக்கச் சொன்னேன். ஃப்ரெண்ட் எழுதினான்.

சராசரி இப்படி வந்துச்சு: ஒரு நாள் தொழிலுக்கு 18 லிட்டர். இன்ஜின் ஓடுறது ஆறு மணி நேரம். மணிக்கு 3 லிட்டர்.

இதுலேர்ந்து ஒரு சுலபமான வாய்ப்பாடு. மணிக்கு எத்தனை லிட்டர்னு தெரிஞ்சா, 2.5 ஆல பெருக்குங்க. ஷாஃப்ட்டுக்குப் போற கிலோவாட் தோராயமா வந்துடும். மாமாவுக்கு 7.5 கிலோவாட். பத்து ஹார்ஸ்பவர் இன்ஜினை முழுசா வேலை வாங்குறார்னு அர்த்தம்.

ஆறு மணி நேரத்துக்கு 45 யூனிட். மோட்டார் இழப்பைச் சேர்த்தா 53. கடல்ல போறப்ப பேட்டரியை வழிச்சு எடுக்கக் கூடாது, கையிருப்பு வேணும். ஆக 70 யூனிட் பேட்டரி. லித்தியம் அயர்ன் பாஸ்பேட்ல ஒரு யூனிட்டுக்கு ஏறக்குறைய 10 கிலோ எடை. மொத்தம் 700 கிலோ. 18 லிட்டர் டீசலோட எடை? 15 கிலோ.

இன்ஜினைக் கழட்டினா கொஞ்சம் எடை குறையும்னு வெச்சுக்கிட்டாலும், அந்த போட்டுல 700 கிலோவை ஏத்தினா மீனை எங்க ஏத்துறது? எடை கூடினா போட்டு தண்ணியில இன்னும் இறங்கும், எதிர்ப்பு கூடும், பேட்டரி இன்னும் பெருசா வேணும். பாம்பு தன் வாலையே முழுங்குற கதை.

சரி, சோலார்? அந்த போட்டுல வலை போட, இழுக்க இடம் விட்டது போக ஒரு கிலோவாட் பேனலுக்குத்தான் இடம் தேறும். ஒரு நாளைக்கு 4 யூனிட். தேவை 53.

வேகத்தைக் குறைக்கலாமா? 7 நாட்டுக்குப் பதிலா 5 நாட்ல போனா ஆற்றல் பாதியாயிடும். இதை நான் ஒரு கண்டுபிடிப்பு மாதிரி மாமாகிட்ட சொன்னேன். அவர் சிரிச்சார். "ஆறு மணி நேரம் எட்டரை மணி நேரமாயிடுமே தம்பி. எட்டு மணிக்கு ஏலம். ஏலம் முடிஞ்சு வர்ற மீனை யார் எடுப்பா?"

அப்புறம் அவர் ஒரு கேள்வி கேட்டார். அதுக்கு என்கிட்ட இன்னும் பதில் இல்லை. "நடுக்கடல்ல டீசல் தீந்தா பக்கத்து போட்டுக்காரன் ஒரு கேன் தருவான். நானும் குடுத்திருக்கேன். கரன்ட்டு தீந்தா அவன் எதைத் தருவான்?"

ஸ்ப்ரெட்ஷீட்ல அந்தக் கேனுக்கு எந்தக் காலமும் இல்லை, மக்களே. வாடைக் காத்து அடிக்கிற நாள்ல முகத்துவாரத்துல நீரோட்டத்தை எதிர்த்து உள்ள நுழையணும். அங்க மோட்டார் கைவிட்டா போறது வெறும் காசு இல்லை.

அதனால மாமாகிட்ட நேராப் போய்ச் சொன்னேன். இந்த போட்டுக்கு இப்ப வேண்டாம், நான் சொன்னது தப்பு, மன்னிச்சுக்கோங்கன்னு. அவர் ஒண்ணும் பெருசா எடுத்துக்கலை. அத்தைதான் உள்ளேர்ந்து, "நல்லவேளை"ன்னாங்க. நகை பீரோவுலயே இருக்கு.

அப்போ டீசலே நல்லதுன்னு சொல்றேனா? இல்லை. 2022ல இலங்கையில என்ன நடந்துச்சுன்னு ஞாபகம் இருக்கா? அங்க சின்ன மீன்பிடி படகுகள்ல நிறைய மண்ணெண்ணெயில ஓடுறவை. யாழ்ப்பாணம், மன்னார்ப் பக்கம் தமிழ் மீனவர்களோட படகுகளும் அதுல சேர்த்தி. நெருக்கடியில மண்ணெண்ணெய் கிடைக்கலை. அந்த ஆகஸ்ட்ல விலை லிட்டருக்கு 87 ரூபாயிலிருந்து ஒரே அடியா 340 ஆச்சு. வெளியிலிருந்து வர்ற எண்ணெயை நம்பி தொழில் நடத்துறதுல இருக்குற ஆபத்து அது. மாத்தணும்கிறதுல எனக்குச் சந்தேகம் இல்லை. எந்தப் படகை முதல்ல மாத்தணும்கிறதுலதான் நான் தப்பு பண்ணேன்.

சித்தப்பாவோட சின்ன போட்டு

ஃப்ரெண்டோட சித்தப்பாவுக்கு ஒரு சின்ன போட்டு இருக்கு. கடலுக்குப் போகாது. ஆத்துக்குள்ள, காயல்ல நண்டு வலை போட்டு எடுக்குறார். அதையும் பத்து நாள் எழுதினோம். ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் இன்ஜின், 3 லிட்டர் டீசல்.

ஷாஃப்ட்டுக்கு 7.5 யூனிட். 5 நாட்டுக்குப் பதிலா 4 நாட்ல போனா ஆற்றல் மூணுல ரெண்டு பங்குக்கும் கீழ, 4.8 யூனிட்டுக்கு இறங்கும். நேரம் அரை மணிதான் கூடும். "நண்டு ஓடிடாது"ன்னார் சித்தப்பா. இழப்பையும் கையிருப்பையும் சேர்த்தா 8 யூனிட் பேட்டரி போதும், 80 கிலோ, ஒரு ஆள் எடை. மோட்டார் 3 கிலோவாட் இருந்தா தாராளம். பேட்டரி தீந்தாலும் துடுப்பால கரைக்கு வந்துடலாம்.

ஒரே ஊர், ஒரே குடும்பம், ரெண்டு போட்டு. ஒண்ணுக்கு 700 கிலோ, இன்னொண்ணுக்கு 80 கிலோ.

உங்களுக்கோ உங்க சொந்தத்துக்கோ போட்டு இருந்து மாத்தணும்னு நினைச்சா, நான் இப்ப நம்புற வரிசை இது:

முதல்ல அளங்க. இன்ஜின்ல பொறிச்சிருக்குற ஹார்ஸ்பவரைப் பாத்து மோட்டார் வாங்காதீங்க. ஒரு நாளைக்கு எத்தனை லிட்டர், எத்தனை மணி நேரம், அதுதான் உண்மையான தேவை.

ரெண்டாவது, போட்டோட அடியைச் சுத்தம் பண்ணுங்க. பாசியும் சிப்பியும் ஒட்டியிருந்தா எதிர்ப்பு கணிசமா கூடும். அது போன பிறகு மறுபடி அளங்க. பேட்டரிக்குக் காசு போடுறதுக்கு முன்னாடி சுரண்டுற வேலைக்குக் காசு போடுறது மலிவு.

மூணாவது, எவ்வளவு மெதுவா போனா தொழில் கெடாதுன்னு ஓட்டுறவர்கிட்ட கேளுங்க. அந்த முடிவை என்னை மாதிரி ஆள் எடுக்கக் கூடாது.

நாலாவது, புரொப்பல்லர். மின்மோட்டார் குறைஞ்ச சுத்துலயும் நல்ல முறுக்குவிசை தரும். அதனால சின்ன புரொப்பல்லரை வேகமா சுத்துறதுக்குப் பதிலா பெருசா ஒண்ணை மெதுவா சுத்தலாம், தள்ளுற திறன் கூடும். பழைய புரொப்பல்லரை அப்படியே மாட்டினா இந்த லாபம் கிடைக்காது.

அஞ்சாவது, பேட்டரி. ஈ-ரிக்‌ஷா ஈய பேட்டரியும் அதோட மோட்டாரும் மலிவா கிடைக்குதேன்னு சித்தப்பா கேட்டார். ஈய பேட்டரியில பாதிக்கு மேல இறக்கினா ஆயுசு குறையும், எடையும் பல மடங்கு. ரிக்‌ஷா மோட்டார் உப்புக் காத்துக்குச் செய்யப்பட்டது இல்லை. லித்தியம்னா பாஸ்பேட் வகை எடுங்க, மத்த வகைகளை விடச் சூட்டைத் தாங்கும். தண்ணி புகாத பெட்டியில, போட்டோட நடுவுல, முடிஞ்ச வரை கீழ வைங்க. ஓரமா வெச்சா போட்டு சாயும்.

ஆறாவது, வயர். 48 வோல்ட்ல 3 கிலோவாட்னா 60 ஆம்பியருக்கு மேல. வீட்டு வயர் எரிஞ்சிடும். தடிமனான கேபிள், ஈயம் பூசின செம்பு, பேட்டரிக்குப் பக்கத்துலயே ஃபியூஸ், கைக்கெட்டுற இடத்துல ஒரு கட்-ஆஃப் சுவிட்ச். 2019ல நார்வேயில ஒரு ஹைப்ரிட் ஃபெரியோட பேட்டரி அறையில தீப்பிடிச்சு, மறுநாள் தேங்கின வாயு வெடிச்சது. அனுபவசாலி நாட்டுலயே நடந்துச்சுன்னா நாம அலட்சியமா இருக்க முடியாது.

கடைசியா, பழைய இன்ஜினை உடனே விக்காதீங்க. ஒரு சீசன் ஓடட்டும்.

இன்னொரு ஆசை. எங்க மாவட்டத்துலயே பிச்சாவரம் இருக்கு. சுரபுன்னைக் காட்டுக்குள்ள துடுப்புப் படகும் போகுது, மோட்டார் படகும் போகுது. கம்மி தூரம், மெதுவான வேகம், அமைதியான தண்ணி, கிளம்புன ஜெட்டிக்கே திரும்பி வரணும். வைக்கத்துல நான் எழுதின லிஸ்ட்ல இருந்த அத்தனையும் இங்க இருக்கு. பறவை பாக்கப் போற இடத்துல சத்தம் இல்லாத மோட்டார் ஓடினா எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க. தமிழ்நாட்டுல மின்படகு எங்கேர்ந்து ஆரம்பிக்கணும்னு யாராவது கேட்டா, நான் கையைக் காட்டுறது அங்கதான்.

சித்தப்பா போட்டு இப்ப கரையில கவுத்துப் போட்டிருக்கு, அடியைச் சுரண்டிட்டிருக்காங்க. சுரண்டி முடிச்சு இன்னொரு பத்து நாள் அளந்துட்டு, அப்புறம்தான் மோட்டார். இந்தத் தடவை கணக்கை ஃப்ரெண்ட் போடுறான், நான் சரிபாக்குறேன்.

மாமா போன வாரம் போன் பண்ணார். "என் போட்டுக்கு எப்ப தம்பி?"ன்னார். எடை கம்மியான பேட்டரி வரணும் மாமா, கொஞ்சம் பொறுங்கன்னேன். "அந்தக் கேனுக்கும் ஒரு வழி கண்டுபிடி"ன்னு சொல்லிட்டு வெச்சுட்டார்.

அந்தக் கேனுக்கு உங்ககிட்ட ஏதாவது யோசனை இருந்தா எழுதி அனுப்புங்க. நிஜமாவே கேக்குறேன்.